ஒரு ராத்திரிக்கு எந்தப் பழைய ஓட்டல்?

வருகிற ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் டர்பன் வருகிறார்கள். மூன்று வாரம் இருப்பார்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டேன். அம்மா கடல், மலை, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அடுக்கினார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ரொம்பப் பழைய ஓட்டல் ஒண்ணுல ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கணும்மா."

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா பொறையாறு பக்கம் சரித்திர வாத்தியாராக இருந்தவர். வருஷா வருஷம் பிள்ளைகளைத் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு அழைத்துப் போவார். கோட்டைக்குப் பக்கத்திலேயே பழைய பங்களா ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதன் வராந்தாவைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். நின்று பார்ப்பார், தூண்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வார், போய்விடுவார். ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வாத்தியார் சம்பளத்தில் அது யோசிக்கிற விஷயமே இல்லை. இப்போது மகள் தென்னாப்பிரிக்காவில் சம்பாதிக்கிறாள், கேட்கலாம் என்று தோன்றியிருக்கிறது. அவர் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

ஆறு வாரமாகத் தேடினேன். கடைசியில் நாலு இடங்கள் நின்றன: கேப் டவுனில் மவுன்ட் நெல்சன், கரூ பாலைவெளியில் ரயில் பாதையோரம் லார்ட் மில்னர், கிராஃப் ரைனெட் ஊரில் டிராஸ்டி, ஜோகன்னஸ்பர்க்கில் சத்தியாகிரக இல்லம். என்னைப் போல வயதான பெற்றோரை அழைத்துப் போக யோசிப்பவர்கள் இந்த நாட்டில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று நான் பார்த்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பழைய ஓட்டல் என்று போட்டிருந்தால் எது பழசு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஒரு வயது, ஓட்டலுக்கு ஒரு வயது, நாம் படுக்கப்போகும் அறைக்கு ஒரு வயது. இந்த மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். முகப்பு இருநூறு வருஷத்தியதாக இருக்கும், நமக்குத் தரும் அறை பின்பக்கம் புதிதாகக் கட்டியதாக இருக்கும். முன்பதிவு செய்யும்போதே "பழைய கட்டடத்துக்குள் இருக்கும் அறைதான் வேண்டும்" என்று எழுதிக் கேட்டுவிட வேண்டும். கூடவே படிக்கட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவுக்கு முட்டி வலி.

டர்பன்காரர்கள் உடனே கேட்பார்கள், உம்லாங்காவில் ஆய்ஸ்டர் பாக்ஸ் இருக்கும்போது ஏன் ஊர் தாண்டிப் போக வேண்டும் என்று. அழகான இடம்தான். சிவப்புத் தொப்பி போட்ட கலங்கரை விளக்கம் வாசலிலேயே நிற்கும், அங்கே போடுகிற கறி விருந்தும் பெயர் பெற்றது. ஆனால் ஓட்டலாக அது 1950-களில்தான் பிறந்தது. அப்பாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. ஒரு மத்தியானம் சாப்பிடப் போகலாம், அவ்வளவே.

சரி, மவுன்ட் நெல்சனில் இருந்து தொடங்குகிறேன். நாலில் பெரிய பெயர் அதற்குத்தான். 1899 மார்ச் 6-ஆம் தேதி திறந்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் பணக்காரப் பயணிகள் தங்குவதற்காக ஒரு கப்பல் கம்பெனியே கட்டிய ஓட்டல். குழாயைத் திறந்தால் வெந்நீரும் தண்ணீரும் வரும் வசதி இந்த நாட்டு ஓட்டல்களிலேயே முதலில் வந்தது இங்கேதான் என்கிறார்கள். இன்றைக்கு நாம் குளியலறையில் யோசிக்காமல் திருகும் குழாய் அன்றைக்கு விளம்பரத்துக்கு உரிய அதிசயம். 1918-இல் முதல் உலகப் போர் முடிந்த சந்தோஷத்தில் கட்டடம் முழுக்க ரோஜா நிறம் பூசினார்கள், அந்த நிறம் இன்று வரை மாறவில்லை. 1925-இல் இங்கிலாந்து இளவரசர் வரும்போது வாசல் பாதையின் இரு பக்கமும் பேரீச்சை வகை மரங்களை நட்டார்கள். அந்த நிழலில்தான் இன்றும் கார்கள் உள்ளே போகின்றன.

மூன்று வயதும் ஒன்றாக இருக்கும் ஓட்டல் இது. ஓட்டலாகவே கட்டினார்கள், ஓட்டலாகவே இருக்கிறது, மையக் கட்டடத்து அறைகள் பழைய கட்டடத்து அறைகளே. மேசை மலை தோட்டத்துக்கு மேலே சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அப்பா கேட்டதுக்கு இதுதான் சரியான விடை என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன். படங்களைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினேன். அத்தை என் மாமியார், வயது 74, சாட்ஸ்வொர்த்தில் எங்களோடு இருக்கிறார். அத்தையின் முப்பாட்டன் காலத்தில் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். படத்தைப் பார்த்ததும் அத்தை கேட்டார்: "அங்க நம்மள உள்ள விடுவாங்களா?"

கேட்டுவிட்டு அவரே, "இப்பதான் விடுவாங்களே" என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டலின் கதையையும் இரண்டு கேள்விகளோடு படிக்க ஆரம்பித்தேன். இந்த அறையில் யார் படுத்தார்கள், யாரைப் படுக்க விடவில்லை? ஓட்டல்கள் தரும் சின்னப் புத்தகங்களில் முதல் கேள்விக்கு நீளமான பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு நாமேதான் தேட வேண்டும்.

மவுன்ட் நெல்சன் திறந்த அதே வருஷம் அக்டோபரில், பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் இடையே போயர் யுத்தம் வெடித்தது. பிரிட்டிஷ் தளபதிகளும் பத்திரிகைக்காரர்களும் கேப் டவுனில் இறங்கி இந்த ஓட்டலில் தங்கித்தான் போர்முனைக்குப் போனார்கள். இளைஞராக இருந்த சர்ச்சிலும் அவர்களில் ஒருவர். அதே மாதங்களில் எங்கள் டர்பன் இருக்கும் நேட்டாலில் என்ன நடந்தது தெரியுமா? காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். கொலென்ஸோவிலும் ஸ்பியன் கோப்பிலும் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களை டோலியில் வைத்து மைல் கணக்கில் சுமந்தது அவர்கள்தான். நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஆகவே அந்தத் தோள்களில் எத்தனை தமிழ்த் தோள்கள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யுத்தத்துக்கு உத்தரவு போட்டவர்களுக்கு வெந்நீர்க் குழாய் வைத்த அறை. சுமந்தவர்களுக்குத் திறந்த வெளி.

இதற்காக மவுன்ட் நெல்சனை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் வாசலிலிருந்து இறங்கி நடந்தால் கம்பெனித் தோட்டம் வரும். 1652-இல் டச்சுக்காரர்கள் கப்பல்களுக்குக் காய்கறி போடத் தொடங்கிய தோட்டம். அதன் நடுவே மரநிழல் பாதையில் கீழே போனால் தோட்டத்தின் மறு கோடியில் அடிமைகள் விடுதி என்ற கட்டடம். 1679-இல் கட்டியது, இன்று அருங்காட்சியகம். டச்சுக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைத்த இடம். கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்றும் அவர்களில் நாலில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வான் பெங்காலன், வான் மலபார், வான் கொரமாண்டல் என்று வந்த இடத்தையே அவர்களுக்குப் பெயராக வைத்தார்கள். கொரமாண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரைதான். பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. அப்பாவின் ஊருக்கு நாகப்பட்டினம் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பொதுவாக நாமெல்லாம் சொல்கிற கதை 1860 நவம்பர் 16-இல் டர்பனில் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய 342 பேரில் தொடங்குகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இருநூறு வருஷம் முன்னாலேயே நம் கரை ஆட்கள் இங்கே பெயரைத் தொலைத்துவிட்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்று அந்த அருங்காட்சியகத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதனால் என் யோசனை இது: மவுன்ட் நெல்சனில் தங்க வேண்டாம், மத்தியானத் தேநீருக்குப் போகலாம். அந்தத் தேநீரும் பிரசித்தம்தான், அதற்கும் முன்பதிவு வேண்டும். தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாதையில் மெதுவாக இறங்கி அடிமைகள் விடுதிக்குப் போகலாம். ஒரு ராத்திரி அறை வாடகையோ மற்ற மூன்று இடங்களைவிடப் பல மடங்கு. அந்தப் பணத்துக்கு அப்பா தூக்கம் வராமல் கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

அடுத்து லார்ட் மில்னர். கேப் டவுனிலிருந்து 240 கிலோமீட்டர் வாக்கில் உள்ளே, மாய்கீஸ்ஃபோன்டேன் என்ற குட்டி ஊர். ஊர் என்றால் ஒரே தெருதான். ஜேம்ஸ் லோகன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1880-களில் ரயில் பயணிகளுக்குச் சாப்பாடு போடும் கடை வைத்துத் தொடங்கி, வறண்ட காற்று நெஞ்சு நோய்க்கு நல்லது என்று ஆட்களை வரவழைத்து, 1899-இல் இந்த ஓட்டலைக் கட்டினார். கட்டி முடித்த கையோடு யுத்தம் வந்ததால் ராணுவ ஆஸ்பத்திரியாக ஆகிவிட்டது. மேலே சின்னக் கோபுரம் மாதிரி இருப்பதில் காவல் நின்றார்கள். 1970 வாக்கில் வேறு ஒருவர் ஊரையே விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார். மரப்படி கிறீச்சிடும், கட்டில் உயரமாக இருக்கும், ராத்திரி சரக்கு ரயில் போகும் சத்தம் அறைக்குள் கேட்கும். பழைய காலத்து வாசனை முகத்தில் அடிக்க வேண்டும் என்றால் நாலில் இதுதான் முதலிடம். வாடகையும் தாங்கும்.

அப்பாவுக்கு இங்கே தனியாக ஒரு காரணம் உண்டு. அவர் கிரிக்கெட் பைத்தியம், பழைய புள்ளிவிவரங்களை மனப்பாடமாகச் சொல்வார். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜார்ஜ் லோமன் டெஸ்ட் ஆட்டங்களில் 112 விக்கெட், சராசரி 10.75. 1896-இல் ஜோகன்னஸ்பர்க்கில் 28 ரன் கொடுத்து 9 விக்கெட் எடுத்தவர். அந்த லோமன் காசநோய்க்குக் காற்று மாற்றிக்கொள்ள வந்து, 1901-இல் இந்த ஊரிலேயே இறந்து, இங்கேயே புதைக்கப்பட்டார். ஊருக்கு வெளியே கல்லறை இருக்கிறது. அதன் முன்னால் அப்பா எவ்வளவு நேரம் நிற்பார் என்று என்னால் இப்போதே பார்க்க முடிகிறது.

ஆனாலும் ராத்திரி தங்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஓட்டலுக்கு வைத்திருக்கும் பெயர் அப்படி. மில்னர் பிரபு பிரிட்டிஷ் ஹை கமிஷனர். யுத்தம் முடிந்து, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலை ஆண்டபோது, 1903-இல், இந்தியர்கள் எல்லாரும் மறுபடியும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றவர். ஒருமுறை பதிந்துகொண்டால் பிறகு தொந்தரவே இருக்காது என்று வாக்குக் கொடுத்தார். நம்பிப் பதிந்தார்கள். நாலே வருஷத்தில், 1907-இல், பத்து விரல் ரேகையும் வைத்து மறுபடி பதிய வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அந்தக் கதையின் அடுத்த பாதி ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது, அங்கே வரும்போது சொல்கிறேன். சைவச் சாப்பாடும் இங்கே கஷ்டம். கரூ என்றால் ஆட்டுக்கறி நாடு. மத்தியானம் இறங்கி, தெருவை நடந்து பார்த்து, லோமனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

கிராஃப் ரைனெட் டிராஸ்டி எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த பரிசு. டிராஸ்டி என்றால் டச்சு காலத்து நீதிபதியின் கச்சேரி, நம் ஊர்த் தாலுகா கச்சேரி மாதிரி. ஊர் 1786-இல் உண்டானது. லூயி திபோ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைபடம் போட, 1804-இல் தொடங்கி 1806-இல் கட்டி முடித்தார்கள். வெள்ளைச் சுவர், சீரான சன்னல்கள், பந்தா இல்லாத கம்பீரம். பிறகு சார்ல்ஸ் ஸ்ட்ரெச் என்ற கேப்டன் விலைக்கு வாங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஓட்டலாகிவிட்டது. கட்டடத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

எனக்குப் பிடித்தது முன்கட்டடம் இல்லை, பின்னால் இருக்கும் சந்து. ஸ்ட்ரெச் முற்றம் என்று பெயர். கல் பாவிய சின்னத் தெரு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகள், கதவுகளுக்குப் பளிச்சென்று வர்ணம். கேப்பில் அடிமைமுறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் நாலு வருஷம் பழைய எசமானிடமே 'பயிற்சி' என்ற பேரில் உழைக்க வேண்டியிருந்தது, 1838-இல்தான் உண்மையில் விடுதலை. அப்படி விடுதலையானவர்களும் கூலித் தொழிலாளிகளும் குடியிருந்த வீடுகள் இவை. இன்றைக்கு ஓட்டலின் விருந்தாளிகள் தூங்குவது அந்த வீடுகளுக்குள்தான். நீதிபதியின் கச்சேரி வரவேற்பறை ஆகியிருக்கிறது, தொழிலாளியின் வீடு படுக்கையறை ஆகியிருக்கிறது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கொஞ்ச நாள் குழம்பினேன். ஏழை வாழ்ந்த வீட்டில் பஞ்சு மெத்தை போட்டுப் படுப்பது சரியா? சுவரும் கூரையும் இடியாமல் நிற்பதற்கே அந்த அறைகளில் ஆள் தங்குவதுதான் காரணம் என்று கடைசியில் சமாதானம் ஆனேன். ஊரில் 220-க்கும் மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களின் கதையைச் சொல்லும் வீட்டுக்குள் இரவைக் கழிப்பது இங்கே கிடைக்கும். அடிமைகள் விடுதியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அடைத்து வைத்த இடத்துக்கும் விடுதலையானபின் கதவைத் தாங்களே சாத்திக்கொண்ட வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்பா புரிந்துகொள்வார். முட்டி வலிக்காரர்களுக்கும் நல்லது, வீடுகள் தரைத்தளம். மறக்காமல் முற்றத்து அறை வேண்டும் என்று கேளுங்கள். ஜூன், ஜூலையில் போகாதீர்கள், கரூவில் ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடும். ஏப்ரல் நல்ல மாதம். இன விடுதலைக்குப் போராடிய ராபர்ட் சொபுக்வே பிறந்ததும் புதைக்கப்பட்டதும் இதே ஊரில்தான். காலையில் அங்கேயும் போய்வரலாம்.

டிராஸ்டிதான் என்று அறை கேட்டுக் கடிதம் எழுதப் போகும் நேரத்தில், என் கணவர் சத்தியாகிரக இல்லத்தை நினைவுபடுத்தினார். பழைய ஓட்டல் இல்லையே என்றேன். உண்மைதான். ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் 1907-இல் கட்டிய வீடு. ஆப்பிரிக்கக் குடிசை மாதிரி வட்ட வடிவம், கூரைக்குப் புல். 1908, 1909-இல் காந்தி அவரோடு இங்கே இருந்தார். ஒரு பிரெஞ்சுப் பயணக் கம்பெனி வாங்கிச் சரிசெய்து, 2011 முதல் அருங்காட்சியகமும் தங்கும் விடுதியுமாக நடத்துகிறது. கட்டடத்துக்கு நூறு வயதுக்கு மேல், விடுதிக்கு வயது ரொம்பக் குறைவு. வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் நாலில் கடைசி.

ஆனால் ரூம் கிடைப்பது, கிடைக்காமல் போவது என்ற கதையை இந்த ஊரில் இருந்துதான் படிக்க வேண்டும். 1893-இல் காந்தி முதன்முதலாக ஜோகன்னஸ்பர்க் வந்திறங்கியபோது வண்டிக்காரனிடம் கிராண்ட் நேஷனல் ஓட்டலுக்குப் போகச் சொன்னார். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மன்னிக்கணும், இடம் நிரம்பிவிட்டது என்றார். முகமது காசிம் கம்ருதீன் என்பவரின் கடைக்குப் போய் அங்கிருந்த அப்துல் கனியிடம் இதைச் சொன்னபோது, ஓட்டலில் நமக்கு இடம் கிடைக்கும் என்று எப்படி எதிர்பார்த்தீர்கள் என்று அவர் கேட்டாராம். அத்தை கேட்ட அதே கேள்வி, நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால். அதற்கடுத்து பிரிட்டோரியாவில் ஜான்ஸ்டன் என்பவரின் ஓட்டலில் ஒரு நிபந்தனையோடு இடம் கிடைத்தது: சாப்பாட்டை அறைக்குள்ளேயே வைத்துச் சாப்பிட வேண்டும். அப்புறம் ஜான்ஸ்டனே மனம் கேட்காமல் மற்ற விருந்தாளிகளைக் கேட்க, அவர்கள் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல, காந்தி கூடத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பதினைந்து வருஷம் கழித்து அதே ஜோகன்னஸ்பர்க்கில் இந்தப் புல்கூரை வீட்டில் அவர் இருந்தார். மில்னர் கொடுத்த வாக்கு முறிந்து வந்த சட்டத்துக்கு எதிராக, 1908 ஆகஸ்ட் 16-இல் ஹமீதியா மசூதி முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு டிரான்ஸ்வால் தமிழர்கள். மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு, சிறைக் கொடுமையால் 1909-இல் இறந்த இளைஞர் நாகப்பன், அவருக்குப் பிறகு வள்ளியம்மை.

வள்ளியம்மையின் பெயரை எழுதியதும் எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். சின்ன வயதில் அப்பா என்னை முன்னால் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போய், 1915-இல் காந்தி வந்து நின்ற இடத்தைக் காட்டியிருக்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து, 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் இறந்த அந்தப் பெண்ணின் கல்லறை பிராம்ஃபோன்டேன் இடுகாட்டில் இருக்கிறது. நாகப்பனும் அங்கேதான். சத்தியாகிரக இல்லத்திலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். அப்பா அதைக் கேட்கவில்லை. தன்னால் அங்கே போக முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டைப் பற்றி நடைமுறை விஷயங்கள்: சாப்பாடு முழுக்கச் சைவம், மது கிடையாது. விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அறைகள், அதனால் மாதக் கணக்கில் முன்னாலேயே கேட்க வேண்டும். ஆடம்பரம் எதிர்பார்க்காதீர்கள், வெள்ளைச் சுவரும் மரச்சாமானும் கைத்தறித் துணியும்தான். காந்தி படுத்தது ஏணி வைத்து ஏறும் பரண் மாதிரியான இடத்தில். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். பக்கத்தில் அரசியல் சாசனக் குன்று இருக்கிறது, காந்தி அடைபட்டிருந்த பழைய சிறை அங்கே. அதற்கு ஒரு முழு நாள் வையுங்கள்.

ஆகவே ஒரு ராத்திரி இரண்டாகிவிட்டது. மவுன்ட் நெல்சனில் ஒரு ராத்திரிக்கு ஆகிற பணத்தில் இரண்டும் அடங்கிவிடும் என்பதால் குற்ற உணர்வு இல்லை. சத்தியாகிரக இல்லத்தில் ஒன்று, டிராஸ்டி முற்றத்தில் ஒன்று. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து காரில் தெற்கே கிராஃப் ரைனெட், பிறகு வழியில் லோமன் கல்லறை, கடைசியில் கேப் டவுன். அப்பாவுக்கு இருநூறு வருஷத்துப் பழசும் கிடைக்கும், வள்ளியம்மையும் கிடைப்பார். இப்படி வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பார்த்தார். விரலை வைத்து ஒரு இடத்தைத் தொட்டார். ஜோகன்னஸ்பர்க்குக்கும் கரூவுக்கும் நடுவே, ஃப்ரீ ஸ்டேட்.

"இதுல எங்க தங்குறீங்க?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை, நேரே ஓட்டிவிடலாம் என்று கணவர் சொன்னார். அத்தை சொன்ன கதையை நான் இதுவரை கேட்டதில்லை. 1977-இல் மாமா காம்பி வேனில் குடும்பத்தைக் கேப் டவுனுக்கு அழைத்துப் போனாராம். ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, அவித்த முட்டை என்று பாட்கோஸ் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். வழிச்சோற்றுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். ஃப்ரீ ஸ்டேட் எல்லைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை மாமா தூங்கவே இல்லை. இந்தியர்கள் அந்த மாகாணத்தில் குடியிருக்கக் கூடாது என்று 1891-இல் போட்ட சட்டம் 1986 வரை இருந்தது. கடந்து போகலாம், பெட்ரோல் போடலாம், இரவில் தங்கக் கூடாது. பின்சீட்டில் என் கணவரும் நாத்தனாரும் தூங்க, அத்தை மாமாவுக்குத் தூக்கம் வராமல் இருக்க விடிய விடியப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாராம்.

"எனக்கு அரண்மனை ஓட்டல்லாம் வேணாம். ப்ளூம்ஃபோன்டேன்ல ஒரு ராத்திரி. சாதா ரூம் போதும்" என்றார்.

அத்தையும் வருகிறார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஃப்ரீ ஸ்டேட்டின் தலைநகரான ப்ளூம்ஃபோன்டேன் சுமார் 400 கிலோமீட்டர், ஒரு நாள் ஓட்டுவதற்குச் சரியான தூரம். பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கிராஃப் ரைனெட் வரை போக நினைத்ததே தப்பு. ஊர் நடுவில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி பார்த்தேன். எழுபதுகளில் கட்டியதாக இருக்கலாம், முன்னால் ஒரு ஜக்கரண்டா மரம், சரித்திரம் என்று எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. மூன்று அறை பதிவு செய்துவிட்டேன். அத்தைக்குத் தரைத்தளத்தில் மரத்தைப் பார்த்த அறை.

அப்பாவிடம் போனில் முழுத் திட்டத்தையும் சொன்னேன். வள்ளியம்மை கல்லறை என்றதும் குரல் மாறிவிட்டது, கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஃப்ரீ ஸ்டேட் கதையைக் கேட்டுவிட்டு, "சம்பந்தியம்மா என்ன பாட்டுப் பாடினாங்கன்னு கேட்டியாம்மா?" என்றார். கேட்கவில்லை. அத்தையை வழியிலேயே பாடச் சொல்லலாம் என்றேன்.